புற்றுநோய்: எதைச் சாப்பிடுவது என்பதற்கு முன்னால், எதை விடுவது

புற்றுநோய் வராமலிருக்க என்ன சாப்பிடலாம் என்று கேட்காதவர்கள் குறைவு. மஞ்சள், முள்சீத்தா, கோதுமைப்புல் சாறு, கிரீன் டீ என்று ஒரு பட்டியல் வாட்ஸாப்பில் நாள்தோறும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தத் தடுப்பில் பெரும்பங்கு புதிதாக எதையாவது சேர்த்துக்கொள்வதால் வருவதில்லை. புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றை விடுவது, சில கிருமிகளைத் தடுப்பூசியாலும் பரிசோதனையாலும் தடுப்பது, இடுப்புச் சுற்றளவு ஏறாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றால்தான் வருகிறது. மைக்ரோவேவ், அலுமினியப் பாத்திரம், செல்போன் கோபுரம் பற்றிய கவலைகளெல்லாம் வரிசையில் மிகவும் பின்னால் நிற்பவை. கவனத்தையும் பணத்தையும் முன்வரிசையில் இருப்பவற்றுக்குச் செலவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே வருபவை எல்லாம் வாய்ப்பைக் குறைக்கும், பூஜ்யமாக்காது. ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவருக்கும் இந்த நோய் வருகிறது. அதனால் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், "உனக்கு என்ன பழக்கம் இருந்தது?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வியால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை, வலி மட்டும்தான்.

பாக்கு

புகையிலை கெடுதல் என்பது எல்லாருக்கும் தெரியும். பாக்கைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. "போயிலை போடறதில்லைங்க, வெறும் பாக்குதான்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2004-லேயே சேர்த்துவிட்டது. சிகரெட் இருப்பதும் அதே பிரிவில்தான்.

பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருள், கன்னத்தின் உட்புறத் தோலுக்கு அடியில் நார்ப்பொருளை அளவுக்கு மீறி வளரச் செய்கிறது. வருடக்கணக்கில் மென்றால் அந்த இடம் வெளுத்து, விறைத்து, இழுவையற்றுப் போகும். முதலில் காரம் தாங்காது. ரசம் சாதம் சாப்பிட்டாலே வாய் எரியும். பிறகு வாய் திறப்பது குறையும். சோதித்துப் பார்ப்பது எளிது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிமிர்த்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் சரி. இரண்டோடு நின்றால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த விறைப்பு ஏற்பட்ட பின் பழைய நிலைக்கு முழுவதுமாகத் திரும்புவது அரிது. ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். இப்படி விறைத்த கன்னத்தில் புற்று வரும் வாய்ப்பு சாதாரணக் கன்னத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

சுண்ணாம்புக்கும் இதில் பங்கு உண்டு. அது எச்சிலின் காரத்தன்மையை ஏற்றுவதால் புகையிலையின் நிகோடின் இன்னும் வேகமாக ரத்தத்தில் இறங்குகிறது, பழக்கம் இறுகுகிறது. மேல்தோலை அரித்து, மற்ற நச்சுகள் உள்ளே போக வழியும் செய்கிறது. வெற்றிலைக் குதப்பலை எந்தப் பக்கம் ஒதுக்குகிறார்களோ அந்தப் பக்கத்துக் கன்னத்திலும் ஈறு மடிப்பிலும்தான் பெரும்பாலும் புற்று தோன்றுகிறது. இரவில் வாயில் அடக்கிக்கொண்டே தூங்குபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

வெற்றிலைச் செல்லம் வைத்திருக்கும் பாட்டியைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் வாசனைப் பாக்குப் பொட்டலம். வெற்றிலையும் கிடையாது, ஈரமும் கிடையாது; காய்ந்த பாக்கும் இனிப்பும் வாசனையும் மட்டும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கித் தின்கிறார்கள். வீட்டில் யாரும் கண்டிப்பதில்லை. அதே கடையில் அடுத்து கை நீள்வது ஹான்ஸ், கூல் லிப் போன்ற வாயில் அடக்கும் புகையிலைப் பக்கம்தான். விருந்து முடிந்ததும் பிள்ளைகள் கையில் பாக்குப் பொட்டலம் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, சோம்பும் கற்கண்டும் வைத்தால் போதும். தாம்பூலத் தட்டில் பாக்கு மங்கலப் பொருளாக இருக்கட்டும். அதை மெல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

விடும் முறை

பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை எதுவானாலும் சிக்கவைப்பது நிகோடின். "பீடி இயற்கை இலை" என்ற சமாதானம் எடுபடாது. பீடி இலை எளிதில் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது; தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகமாகவே உள்ளே போகின்றன. "லைட்" சிகரெட்டுக்கு மாறுபவர்களும் தங்களை அறியாமல் ஆழமாக இழுத்து அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடுகிறார்கள்.

நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, மலச்சிக்கல் எல்லாம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிந்துவிடும். ஒவ்வொரு முறை எழும் ஏக்கமும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நிமிடங்களில் இடத்தை விட்டு எழுந்து நடப்பது, தண்ணீர் குடிப்பது, சோம்பு மெல்வது உதவும். டீக்கடையில் டீயோடு புகைத்துப் பழகியவர், முதல் மாதம் அந்தக் கடைக்குப் போகாமல் இருப்பது மனவுறுதியை நம்புவதைவிடப் பயன் தரும்.

நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் அளவுகளில் கிடைக்கிறது. தூங்கி எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்கு 4 தேவைப்படும். அதற்கு மருத்துவரைப் பாருங்கள். இந்தச் சூயிங்கம் பலருக்குப் பலிக்காமல் போவது மெல்லும் விதத்தால்தான். சாதாரண பபிள்கம் போல இடைவிடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வரும். "ஒத்துக்கல" என்று விட்டுவிடுவார்கள். மிளகு போலக் காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் மறைந்ததும் மறுபடி சில முறை மென்று வேறு இடத்தில் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பும் மெல்லும்போதும் காபி, பழச்சாறு கூடாது; புளிப்பு நிகோடினை உறிஞ்சவிடாது. மொத்தம் 8 முதல் 12 வாரம், படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது வழக்கம். பாக்கால் வாய் விறைத்தவர்களுக்குச் சூயிங்கம் சரிவராது. தோலில் ஒட்டும் பேட்ச் பற்றிக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். தேசியக் கட்டணமில்லா உதவி எண் 1800-11-2356.

ஒரு முறை விட்டு மறுபடி தொடங்கியவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். பல முறை முயன்று கடைசியில் விட்டவர்களே அதிகம். நிறுத்திப் பத்து ஆண்டு ஆனால் நுரையீரல் புற்றுக்கான ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரின் ஆபத்தில் ஏறக்குறையப் பாதியாகிறது. அறுபது வயதில் விட்டாலும் பலன் உண்டு.

மது: மில்லிலிட்டரில் பார்க்காமல் கிராமில் பாருங்கள்

மது 1988 முதல், பாக்கும் சிகரெட்டும் இருக்கும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய ஏழு இடத்துப் புற்றுகளோடு அதற்குத் தொடர்பு உறுதியாகியிருக்கிறது. உடலுக்குள் ஆல்கஹால், அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி மரபணுவைச் சேதப்படுத்துகிறது. "பீர்தானே", "ஒயின்தானே" என்ற பேதம் செல்களுக்குக் கிடையாது. அவற்றுக்குப் போய்ச் சேருவது எத்தனை கிராம் ஆல்கஹால் என்பதுதான் கணக்கு.

கணக்கு எளிது: மில்லிலிட்டரை, பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.8-ஆல் பெருக்குங்கள். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 26 கிராம். 42.8 சதவீதச் சரக்கு ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில், 60 கிராமுக்கு மேல். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் என்ற அளவே மார்பகப் புற்றுக்கான ஆபத்தைச் சுமார் 7 முதல் 10 சதவீதம் ஏற்றுகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. குடித்துக்கொண்டே புகைப்பவர்களுக்கு வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் இரண்டு ஆபத்தும் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகின்றன. இரண்டில் ஒன்றையாவது உடனே விட முடிந்தால் அதுவும் பெரிய விஷயம். ஆனால் நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவமனையின் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

கடலையும் செக்கும்

உணவில் ஒளிந்திருக்கும் நச்சு என்று பயப்பட வேண்டுமானால் அதற்கு உண்மையாகவே தகுதியானது அஃப்ளாடாக்சின். நிலக்கடலை, மக்காச்சோளம், சரியாகக் காயாத கொப்பரை, மிளகாய் வற்றல் ஆகியவற்றில் பச்சையும் மஞ்சளுமாகப் படரும் பூஞ்சை சுரப்பது. கல்லீரல் புற்றை உண்டாக்கும். மஞ்சள்காமாலை பி (ஹெபடைடிஸ் பி) வைரஸ் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. வறுத்தால் ஓரளவு குறையும், அழியாது. பூஞ்சையைத் துடைத்துக் கழுவினாலும் உள்ளே இறங்கியது போகாது.

நல்ல செய்தி, இது கடலை முழுவதும் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான நச்சு சில பருப்புகளில் மட்டும் குவிந்திருக்கும். அதனால் கையால் பொறுக்குவதே சிறந்த பாதுகாப்பு. சுருங்கியது, நிறம் மாறியது, கறுத்தது, தோல் உரிந்து உடைந்தது, பூச்சி துளைத்தது, முளை விட்டது எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். பருப்பைப் பிளந்தால் நடுவில் சாம்பல் அல்லது பச்சைப் பூச்சு தெரிகிறதா பாருங்கள். வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

தவறு நடக்கும் இடம் செக்கு. நல்ல கடலையைச் சட்னிக்கும் சொத்தையை எண்ணெய்க்கும் என்று ஒதுக்குவது பல வீடுகளில் வழக்கம். சுத்திகரித்த எண்ணெயில் அல்கலி எனப்படும் காரப்பொருள் சேர்த்துச் சுத்தப்படுத்தும் கட்டத்திலும் நிறம் நீக்கும் கட்டத்திலும் இந்த நச்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மரச்செக்கு எண்ணெயில் அந்தக் கட்டங்களே கிடையாது. கடலையில் இருந்ததில் ஒரு பங்கு எண்ணெயோடு வரும். ஆகவே செக்கு எண்ணெயின் தரம் கடலையின் தரம்தான். செக்குக்குத்தான் இன்னும் கவனமாகப் பொறுக்க வேண்டும். மீதி நச்சு புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற மாட்டின் பாலில் வேறு வடிவத்தில் வரும். சொத்தைக் கடலையை மாட்டுக்கும் போடக் கூடாது என்பது இதனால்தான்.

சேமிப்பதற்கு ஈரமே எதிரி. குலுக்கினால் ஓட்டுக்குள் கடகடவென்று ஓசை வரும்வரை கடலையைக் காயவிடுங்கள். தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின்மேல் மூட்டையை வையுங்கள். மழைக்காலத்தில் உரித்த பருப்பை இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள்.

கிருமிகளால் வரும் புற்று

மஞ்சள்காமாலை பி தடுப்பூசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரியவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து, வைரஸ் இல்லை என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். இதைக் கல்லீரல் புற்றுக்கான தடுப்பூசி என்றே சொல்லலாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ். 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு ஊசி போடுவது மிகுந்த பலன் தரும். உடலுறவு தொடங்கும் முன்பே போட வேண்டியது என்பதால்தான் இந்த வயது. இதில் கூச்சப்படவோ தள்ளிப்போடவோ ஒன்றும் இல்லை. இந்த வயதில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்பது வழக்கமான முறை. ஒரே ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றது. இந்தியாவில் தயாராகும் செர்வாவாக் என்ற ஹெச்பிவி தடுப்பூசி அதே ஆண்டு ஒப்புதல் பெற்றது.

தடுப்பூசி வயதைக் கடந்தவர்களுக்குப் பரிசோதனைதான் வழி. இதற்கான சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்தே வந்தது. 2000-லிருந்து 2003 வரை, 30 முதல் 59 வயது வரையுள்ள 31,000-க்கும் அதிகமான கிராமத்துப் பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை சோதித்தார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. பெரிய மருத்துவமனையோ விலையுயர்ந்த இயந்திரமோ இல்லாமல் நடந்தது இது. கிருமி தொற்றிப் புற்றாவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகும் என்பதால், நடுவில் ஒரு முறை பார்த்தால்கூடப் பிடித்துவிடலாம்.

இடுப்பளவும் சோற்றுத் தட்டும்

உடலில் அதிகமாகச் சேரும் கொழுப்பு 13 வகைப் புற்றுகளோடு தொடர்புடையது என்று அதே புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் உறுதிசெய்தது. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பது மார்பக, கர்ப்பப்பைப் புற்றுகளுக்கு ஒரு காரணம். நம்மவர்களுக்கு எடையைவிட இடுப்பளவு நல்ல அளவுகோல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் டேப் வைத்து அளக்க வேண்டும். ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. பேன்ட் அளவை வைத்துக் கணக்கிடாதீர்கள். தொப்பைக்குக் கீழே கட்டும் பேன்ட் உண்மையைச் சொல்லாது.

உணவில் பெருங்குடலுக்குத் தெளிவாக நன்மை தருவது நார்ச்சத்து. நாளுக்கு 30 கிராம் இலக்கு. தீட்டிய அரிசி 100 கிராமில் சுமார் 3 கிராம்தான். கேழ்வரகு, கம்பு, முழுக்கோதுமை மாவில் 11 கிராம் அளவு. முழுப் பச்சைப்பயறில் 17. கறுப்புக் கொண்டைக்கடலையில் 25. எனவே சோற்றை அறவே விட வேண்டியதில்லை. ஒரு கரண்டி குறைத்து, ஒரு கைப்பிடி சுண்டலும் ஒரு பொரியலும் ஏற்றினால் கணக்கு மாறிவிடும். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்புசமாகும். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, தண்ணீரையும் கூட்டுங்கள். சாசேஜ், பேக்கன், ஹாம் போன்றவை நாளுக்கு 50 கிராம் என்றாலே பெருங்குடல் புற்று ஆபத்து 18 சதவீதம் ஏறுகிறது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி வாரத்துக்குச் சமைத்த எடையில் அரைக் கிலோவுக்குள் போதும். உப்பில் ஊறிய கருவாடு, ஊறுகாய் தொட்டுக்கொள்ளும் அளவில் இருக்கட்டும். அதிக உப்பு இரைப்பைப் புற்றுக்கு வழி செய்கிறது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் நெடுங்காலமாக ஆண்களிடம் முன்வரிசையில் இருந்துவந்த புற்று அது.

வேக நடை வாரத்துக்கு 150 நிமிடம், முடிந்தால் 300. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்கு நல்லதல்ல. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் போதும். சத்து மாத்திரைகளைப் புற்றுத் தடுப்புக்கென்று விழுங்க வேண்டாம். பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில், கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாகவே வந்தது. 1994-ல் அது வெளியானபோது எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு. கேரட் சாப்பிடுங்கள், மாத்திரை வேண்டாம்.

பரிசோதனைக்குப் போகும்போது

30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். புகையிலை, பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் மாதம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில், கண்ணாடி முன் தாங்களே வாயைப் பார்ப்பது நல்லது. பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, இரு கன்னம், ஈறு மடிப்பு, நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, அண்ணம் எல்லாம் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, தடித்த இடம், இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், தொடக்கத்தில் வலிக்காது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். முந்தைய இரண்டு நாள் உள்ளே வைக்கும் மருந்தும் உடலுறவும் தவிர்ப்பது நல்லது. நெருங்கிய உறவில் இரண்டு பேருக்கு மார்பக அல்லது சினைப்பைப் புற்று வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பரிசோதனை தொடங்கும் வயதும் முறையும் மாறக்கூடும்.